டோமினோ ரவுடி இல்லைங்க, நாம தான்

இந்தப் பதிவை எழுதக் கூடாதுன்னு தான் இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் முடியலை. மீன் வளர்க்காத மக்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க. ஆணி அதிகம்னா அப்படியே எஸ்கேப் ஆயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன் :-)

வீட்டுல உப்புத்தண்ணித் தொட்டி வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரு "ரவுடி மீன்" கதை சொல்லுவாங்க. புதுசா எதை விட்டாலும் விரட்டுது, வாலைக் கடிக்குது, இதுவரைக்கும் நாலு மீனைக் கொன்னுடுச்சு, இப்படி. எல்லாக் கதையிலயும் மீன் வில்லன், வளர்க்கிறவர் அப்பாவி. எனக்குக் கோவமே இந்தக் கதை மேல தான். நானும் ஆபீஸ் கேன்டீன்ல இதே கதையைச் சொல்லிச் சிரிச்சவன்ங்கிறதால கொஞ்சம் கூடுதல் கோவம்.

போன வருஷம் மூணு அடி தொட்டி ஒண்ணு வாங்கினேன். அகலமும் உயரமும் ஒண்ணரை அடி. கணக்குப் போட்டா 190 லிட்டர், பாறை மணல் போக 150 தேறும். (பவளப்பாறையான்னு கேட்காதீங்க. பவளம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. என்னுது செராமிக்.) உப்பு கரைச்சு, பம்ப் எல்லாம் ஓட விட்டதும் கடைக்காரர் சொன்னார்: "சார், தண்ணி செட் ஆகணும். முதல்ல ரெண்டு டோமினோ விடுங்க. விலை கம்மி, என்ன பண்ணாலும் சாகாது. ஒரு மாசம் தாங்கிடுச்சுன்னா அப்புறம் நல்ல மீனா வாங்கிக்கலாம்."

"நல்ல மீனா"ங்கிற வார்த்தையை அப்ப நான் கவனிக்கலை.

டோமினோங்கிறது டாம்செல் வகையில ஒண்ணு. கரிக்கட்டை கறுப்பு. நெத்தியில ஒண்ணு, ரெண்டு விலாவுலயும் ஒவ்வொண்ணுன்னு மூணு வெள்ளைப் பொட்டு. திருஷ்டிப் பொட்டை உல்டாவா வச்ச மாதிரி. வாங்கும்போது கட்டைவிரல் நகம் அளவு தான் இருந்துச்சு. தங்கமணி கூட ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தாங்க.

"தண்ணி செட் ஆகணும்"னா என்னன்னு பார்ப்போம். மீனோட கழிவுல இருந்து அமோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். புதுத் தொட்டியில இந்த பாக்டீரியா போதுமான அளவு வளர நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் உள்ள இருக்கிற மீன் அமோனியாவுலயே தான் மூச்சு விடணும். கடல் தண்ணியோட பி.ஹெச். 8.2 பக்கம் இருக்கும். பி.ஹெச். ஏற ஏற அமோனியாவுல விஷமா இருக்கிற பங்கும் ஏறும். அதாவது நல்லதண்ணித் தொட்டியை விட இங்க இந்தக் கூத்து இன்னும் கொடுமை. நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட் சர்வரே இல்லாம நேரா ப்ரொடக்‌ஷன்ல ஏத்திட்டு, யூசர் செத்தா "ஓ, ஏதோ பக் இருக்கு போல"ங்கிறது.

என்னோட ரெண்டு யூசர்ல ஒண்ணு ரெண்டாவது வாரம் செத்துப் போச்சு. இன்னொண்ணு தாங்கிடுச்சு. "வீரன்டா"ன்னு பெருமை வேற பட்டுக்கிட்டேன்.

அந்த வீரனுக்கு ஒண்ணரை மாசம் மொத்தத் தொட்டியும் சொந்தம். எந்தப் பொந்துல தூங்கணும், எந்த மூலையில சாப்பாடு வரும்னு எல்லாம் அதுக்கு அத்துப்படி. அப்புறம் தான் நான் "நல்ல மீன்" வாங்கினேன். ஃபயர் ஃபிஷ். முன்பாதி வெள்ளை, பின்பாதி தீ மாதிரி சிவப்பு, முதுகுல நீளமா ஒரு முள்ளு. பரம சாது. இதுவும் டோமினோவும் தண்ணியில மிதந்து வர்ற குட்டி உயிர்களைத் தின்னுற ஜாதி, அதாவது ரெண்டுக்கும் ஒரே இலை. விட்ட பத்தாவது நிமிஷம் டோமினோ ஆரம்பிச்சுது. "பழகிடும்"னு நினைச்சு லைட்டை அணைச்சுட்டுப் படுக்கப் போயிட்டேன். மூணாவது நாள் காலையில தொட்டிக்குக் கீழ, தரையில, நெத்திலிக் கருவாடு மாதிரி காஞ்சு கிடந்துச்சு. விரட்டினா குதிக்கிற மீன் அது. மேல மூடி போடலை நான். அம்மா பெருக்க வந்தவங்க பார்த்துட்டு, "இதைத் தண்ணிக்குள்ள வச்சிருக்கத் துப்பு இல்லை, உனக்கு எதுக்குடா மீனு"ன்னாங்க. பதில் இல்லை.

இதை எழுதினா உடனே ஒருத்தர் வந்து "அதோட குணமே அப்படி பாஸ்"ம்பார். குணம் தான், யார் இல்லைன்னா? 1973ல நோபல் பரிசு வாங்கின கொன்ராட் லோரன்ஸ், விலங்குகளோட சண்டை பத்தி 1963ல ஜெர்மன்ல போட்ட புத்தகத்தை ஆரம்பிக்கிறதே பவளப்பாறை மீனை வச்சுத் தான். ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு இடம் பிடிச்சுக்கும், அந்த எல்லைக்குள்ள வர்றவனை விரட்டும். ஆனா அங்க விரட்டுறதுக்கு ஒரு முடிவு இருக்கு. தோத்தவன் ஓடிடுவான், எல்லை தாண்டினதும் இவன் திரும்பிடுவான். மூணு அடி தொட்டியில தோத்தவன் எங்க ஓடுவான்? கண்ணாடியில முட்டித் திரும்பி வந்தா மறுபடி அதே எல்லைக்குள்ள தான். சண்டையைக் கொலையா மாத்தினது அந்தக் கண்ணாடி. அதை வாங்கிட்டு வந்து வச்சது நான்.

இன்னொண்ணு. 2003ல வந்த படத்துக்கு அப்புறம் உலகமே தூக்கிக் கொஞ்சின நெமோவும் இதே டாம்செல் குடும்பம் தான். ஜோடி சேர்ந்த பொண்ணு நெமோ தொட்டிக்குள்ள கை விட்டா கடிக்கும். அது கடிச்சா "பாசக்காரி", டோமினோ கடிச்சா ரவுடி. என்னங்க நியாயம்?

எனக்கு வந்த அறிவுரைகள் அடுத்த கொடுமை. "லயன் ஃபிஷ் ஒண்ணு விடு, முழுங்கிடும்"னார் ஒருத்தர். அப்புறம் லயன் ஃபிஷ்ஷை யார் முழுங்குறது? "பெசன்ட் நகர் கடல்ல விட்டுடு"ன்னார் ஆபீஸ் நண்பர். தொட்டியில கிடந்த மீனைக் கடல்ல விட்டா, அதுக்கு இருக்கிற நோயும் சேர்ந்து போகும். 1985ல ஃப்ளோரிடா பக்கம் முதல்ல கண்ணுல பட்ட லயன் ஃபிஷ் தொட்டியில இருந்து போனதுன்னு தான் நம்புறாங்க. இன்னிக்கு கரீபியன் முழுக்க அது தான். டாய்லெட் யோசனை சொன்ன புண்ணியவானுக்குப் பதில் சொல்ல விரும்பலை.

நான் என்ன பண்ணேன்? பாறையை எல்லாம் இடம் மாத்தினேன். பழைய எல்லை குழம்பி, ரெண்டு மூணு நாள் அடங்கி இருக்கும். அடுத்து வந்த மீனை நேரா விடாம, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையில ஒரு வாரம் உள்ளேயே மிதக்க விட்டேன். பார்த்துப் பழகட்டும்னு. நிறைய மீனுக்கு இது வேலை செய்யும். ஆனா ஒரு வருஷத்துல மூணு அங்குலம் ஆகி, அஞ்சு வரைக்கும் போகப் போற டோமினோவுக்கு என் தொட்டியே பத்தாது. கடைசியில ரெண்டு லிட்டர் கோலா பாட்டிலோட தலையை வெட்டித் தலைகீழா சொருகி, உள்ள இறால் துணுக்கு போட்டு, மூணு நாள் காத்திருந்து பிடிச்சேன்.

இவ்வளவும் தேவையே இல்லை. மார்க்கெட்ல வாங்கின ஒத்தை இறாலைக் காலித் தொட்டியில போட்டு அழுக விட்டா அதுல இருந்து அமோனியா வரும், பாக்டீரியா வளரும், உயிர் எதுவும் வேண்டாம். அமோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் கிட்ல பூஜ்யம் காட்டினதும் முதல் மீனை விடலாம். சாது முதல்ல, முரடு கடைசியில. நாறும்னு சொல்லுவீங்க. நாறும் தான், பொறுத்துக்கணும். "கடைக்காரரும் பிழைக்கணும்ல"ன்னு கேட்டா, பிழைக்கட்டுங்க. உப்பு விக்கட்டும், டெஸ்ட் கிட் விக்கட்டும், பாட்டில் அமோனியா கூட விக்கட்டும். சாகறதுக்குன்னு ஒரு உயிரை வித்துத் தான் பிழைக்கணுமா?

ஞாயித்துக்கிழமை டோமினோவைக் கடையில திருப்பிக் கொடுக்கப் போனேன். பெரிய தொட்டி வச்சிருக்கிற யாருக்காவது கொடுங்கன்னு கேட்டுக்கிட்டேன். காசு வேண்டாம்னேன், ஒரு தீவனப் பாக்கெட் கொடுத்தார். கிளம்பறதுக்குள்ள ஒரு அப்பாவும் எட்டு வயசுப் பையனும் உள்ள வந்தாங்க. புதுத் தொட்டியாம். "சார், தண்ணி செட் ஆகணும்..."னு அதே டேப் ஓட ஆரம்பிச்சுது. "இது ஏற்கனவே ஒரு டேங்க் செட் பண்ணின மீனு சார், நல்ல கெட்டி"ன்னு என் டோமினோவையே வலையில அள்ளினார்.

"சார், ஒரு இறால் போதும்"னு ஆரம்பிச்சேன். கடைக்காரர் முறைச்சார். அந்த அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுக் காசை எடுத்துக் கொடுத்துட்டார். பையன் கவரைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சு, "அப்பா, பொட்டு வச்சிருக்குப்பா"ன்னான். வளர வளர அந்தப் பொட்டு மங்கிடும். அவன் கையில இருந்தப்பவே பாதி மங்கித் தான் இருந்துச்சு.

டிஸ்கி: எந்தக் கடைன்னு பின்னூட்டத்துல கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். அந்த அப்பா இந்தப் பதிவைப் படிச்சா ஒரு மெயில் போடுங்க சார். கோலா பாட்டில் என்கிட்ட தான் இருக்கு.