சூரியன் எமது, பற்றறி யாருடையது?

“சக்தித் துறையில் தன்னிறைவு” என்ற பேச்சு மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. அது எவ்வளவு தூரம் இயலும் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும்.

நீர்மின்சாரம் எமது சொந்தம் என்றிருந்தோம். 1996இல் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்ற, நாடெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு. பின்னர் நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் வந்தது. அதற்கான நிலக்கரியோ கப்பலில் வரவேண்டும். 2022இல் டொலர் தீர்ந்தபோது, மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது.

வெயிலுக்கும் காற்றுக்கும் யாருக்கும் டொலர் கொடுக்கவேண்டியதில்லை. உண்மைதான். ஆனால் சூரியத் தகடும் பற்றறியும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. எண்ணெய் வாங்கிய கையோடு எரிந்துபோகும். தகடு இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். இது பெரிய வித்தியாசம். ஆயினும் இதைத் தன்னிறைவு என்று சொல்லமுடியாது.

இன்னொரு சிக்கல் நேரம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் பாய்ந்த குரங்கே காரணம் என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்று விடுமுறை, பாவனை குறைவு. கூரைகளிலிருந்து வந்த மின்சாரம் அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் பெரிய சுழல் இயந்திரங்கள் ஓடியது குறைவு. குரங்கை விட்டுவிட்டு இதை அல்லவா யோசித்திருக்கவேண்டும்! அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடுகளைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு மின்சாரசபையே கேட்டுக்கொண்டது. பகலில் மிஞ்சுகிறது, பொழுதுபட்டால் போதவில்லை. அந்தக் குறையை நிரப்ப எண்ணெய் எரிக்கிறோம்.

ஆகவே எவ்வளவு சேமிக்கிறோம் என்பதோடு எந்நேரத்தில் சேமிக்கிறோம் என்பதும் முக்கியம். மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் இடையில் 60 வாற் குமிழுக்குப் பதில் 9 வாற் எல்ஈடி குமிழ் எரிந்தால் மிஞ்சுவது டொலர். உடுப்புக்கு அயன் போடுவதைப் பகலுக்கு மாற்றலாம்.

1990களில் யாழ்ப்பாணத்து மக்கள் ஜாம் போத்தலில் திரியிட்டுப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அது தடையால் வந்த சிக்கனம். அதைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

தோட்டக் கிணற்று மோட்டரை நண்பகலில் ஓடவிட்டுத் தொட்டியை நிரப்பி, வெயில் தணிந்ததும் பயிருக்குப் பாய்ச்சலாம். தொட்டி கட்டக் காசு வேண்டும். கூரைத் தகட்டுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள் தொட்டிக்கும் கொடுத்தாலென்ன? எமது கிராமச் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்டு எழுதலாம்.