கலியாணம் கட்டினதுக்கும் கழிவா?

ஒரு சின்னப் பிள்ளைக்கு ஏதும் நடந்த செய்தி வந்தால் எங்கட பேஸ்புக் முழுக்க ஒரே வசனம்தான்: "தூக்கில போடுங்கோ." நானும் போட்டிருக்கிறன். ரெண்டு கிழமையில எல்லாரும் அடுத்த செய்திக்குப் போயிடுவம். வழக்கு மட்டும் இழுபட்டு இழுபட்டு, ஒருத்தரும் பார்க்காத ஒரு நாளில மேல் நீதிமன்றத்தில் குற்றவாளி எண்டு தீர்ப்பாகும். 14 நாளுக்குள்ள மேன்முறையீடு. பிறகு எல்லாம் கொழும்பு புதுக்கடையில.

குற்றத்தீர்ப்புக்கு எதிராக மேன்முறையிடும் உரிமையில் நான் கை வைக்க வரேல்லை. பொலிஸ் எப்பிடி வழக்குச் சோடிக்கும் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. பிழையான ஆள் உள்ளுக்க இருந்தால் சரியான ஆள் வெளியில திரியிறான். என்ர கோபம் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் வாதங்களில்.

1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, 18 வயதுக்குக் குறைந்தவரை வல்லுறவுக்கு உட்படுத்தினால் ஆகக் குறைந்தது 10 வருடம், ஆகக் கூடியது 20 வருடம் கடூழியச் சிறை எண்டு வைத்தார்கள். 16 வயதுக்குக் கீழே எண்டால் பிள்ளையின் சம்மதம் செல்லாது. (மனைவி எண்டால் அந்த வயது 12! அந்த அசிங்கத்துக்குத் தனிக் கட்டுரை வேணும்.) காதலிச்ச ரெண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதையையும் அந்தச் சட்டம் மறக்கேல்லை. குற்றம் செய்தவர் 18 வயதுக்குக் கீழே, 16 வயது ஆகாத மற்றவரும் சம்மதிச்சவர் எண்டால் 10 வருடத்துக்குக் குறைவாகக் கொடுக்கலாம் எண்டு ஒரு சின்னக் கதவு விட்டிருந்தது.

2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்தக் கதவோட சேர்த்து மதிலையே இடிச்சுது. அனுராதபுரம் மேல் நீதிமன்றம் கேட்ட கேள்விக்கு, கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை அரசியலமைப்புக்கு முரண், நீதிபதி தனக்குப் பொருத்தமாகப் பட்டதைக் கொடுக்கலாம் எண்டு பதில் சொன்னது. நீதிபதியின் கையைக் கட்டக்கூடாது எண்ட நியாயம் எனக்கும் விளங்குது. ஆனால் கட்டை அவிழ்த்த பிறகு அளவுகோல் ஒண்டைக் கையில கொடுக்க வேணுமே? அது இல்லாததால்தான் வளர்ந்த ஆம்பிளையளும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோட வீட்டுக்குப் போனார்கள். குறைவு எண்டு மேன்முறையிட உரிமை உள்ளவர் சட்டமா அதிபர். அவர் பேசாமல் இருந்தால் அந்தத் தாய் என்ன செய்யிறது?

மேன்முறையீட்டில் சொல்லுற காரணங்களைக் கேளுங்கோ. "சம்பவம் நடந்து கனகாலம்." "இப்ப கலியாணம் கட்டிட்டார், ரெண்டு பிள்ளையள்." "அந்தப் பிள்ளையும் இப்ப குடும்பமாக இருக்கிறா."

கனகாலம் எண்டால் எவ்வளவு? பாரதூரமான குற்றம் ஒண்டு நடந்து மேல் நீதிமன்ற விசாரணை முடிய சராசரியாக 10.2 வருடம், மேன்முறையீட்டுக்கு இன்னும் 7 வருடம் எண்டு நாடாளுமன்றத் துறைசார் மேற்பார்வைக் குழு ஒண்டு 2017 இல் சொன்னது. 12 வயதில் பாதிக்கப்பட்ட பிள்ளை தீர்ப்பைக் கேட்கும்போது என்ர வயது, 22. எல்லாம் முடியேக்க 29. யாழ்ப்பாணத்திலயோ மட்டக்களப்பிலயோ தமிழில் நடந்த வழக்கு எண்டால், அந்த ஏடு முழுக்க மொழிபெயர்த்து முடியிற வரைக்கும் கொழும்பில ஒண்டும் அசையாது. அந்த 17 வருடமும் அவள் சாட்சி. கம்பஸ் போனாலும், வேலைக்குப் போனாலும், கலியாணம் பேசி வந்தாலும் சாட்சி. அதே 17 வருடம் அவனுக்குச் சலுகைக்கான காரணம்.

சட்டபீடத்து நண்பர் ஒருத்தர் என்னோட சண்டை பிடிச்சார்: "தாமதம் அவன்ர பிழை இல்லையே?" சரி, ஏற்றுக்கொள்ளுறன். அவன் விளக்கமறியலில் கிடந்த நாள் அவ்வளவையும் கழியுங்கோ, ஒரு நாளும் விடாமல். பிணையில் வந்து, கலியாணம் கட்டி, வீட்டில இருந்து சோறு திண்ட நாளை எந்தக் கணக்கில கழிக்கிறியள்?