சார்ட்டைப் பார்த்து டார்கெட் வையுங்கள்

மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கும் இருவர் சென்னையில் எங்கே சந்தித்தாலும் முதல் கேள்வி, "உங்க டார்கெட் எவ்வளவு?" என்பதுதான். கோடராகச் சேர்ந்து, இன்று மற்றவர்கள் முடித்த சார்ட்டுகளை, அதாவது நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை, சரிபார்க்கும் ஆடிட்டராக இருக்கிறேன். நான் பார்த்தவரை, அமெரிக்க கிளையன்ட் ஒரு சார்ட்டுக்கு எவ்வளவு தருகிறார் என்பதிலிருந்துதான், ஒரு நாளில் எத்தனை சார்ட் முடிக்க வேண்டும் என்ற டார்கெட் பிறக்கிறது. அந்தச் சார்ட்டைப் படிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

டாக்டர் எழுதியதைப் படித்து நோய்க்கு ஐசிடி-10 கோட், சிகிச்சைக்கு உரிய கோட் என்று போடுவது எங்கள் வேலை. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் பணம் அதை வைத்துத்தான் வரும். 2015 அக்டோபர் 1 அன்று அங்கே ஐசிடி-10 அமலானபோது, சுமார் 14 ஆயிரமாக இருந்த நோய்க் கோட்கள் ஏறக்குறைய 70 ஆயிரமாயின. மணிக்கட்டு எலும்பு முறிந்தால்கூட வலதா இடதா, எலும்பு தோலைக் கிழித்ததா, இது முதல் சிகிச்சையா, ஆறிவரும்போது வந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் கோட் மாறும்.

உள்நோயாளி சார்ட்டில்தான் கொடுமை அதிகம். இரண்டு நாள் தங்கிப் போனவருடையதும், மூன்று வாரம் ஐசியுவில் கிடந்தவருடையதும் புரொடக்‌ஷன் ஷீட்டில் ஒன்று ஒன்றுதான். டாக்டர் 'யூரோசெப்சிஸ்' என்று எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். ஐசிடி விதிப்படி அதற்கு நேரடியான கோட் கிடையாது. வெறும் சிறுநீர்த் தொற்றா, செப்சிஸ் ஆகிவிட்டதா என்று டாக்டரிடம் குவெரி அனுப்பிக் கேட்டே ஆக வேண்டும். செப்சிஸ் என்றால் மருத்துவமனைக்கு வரும் தொகை கூடும். யூகித்துப் போட்டால் அது பொய் பில். அதனால் அந்தச் சார்ட்டை எடுத்த பெண் பிளட் கல்ச்சர், காய்ச்சல், ஆன்டிபயாடிக், நர்ஸ் குறிப்பு எல்லாவற்றையும் புரட்டி, பதிலை டாக்டர் வாயில் திணிக்காதபடி கேள்வி எழுதுகிறாள். சார்ட் ஹோல்டுக்குப் போகிறது. பதில் வரும்வரை அது எண்ணிக்கையில் சேராது. முறைப்படி வேலை பார்த்த அந்த ஒரு மணி நேரம் அவள் கணக்கில் பூஜ்யம். பக்கத்து சீட்டில் ஏதோ ஒரு கோட் போட்டுவிட்டு நகர்ந்தவருக்கு டார்கெட் முடிந்துவிட்டது. மாலை மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேட்பது யாரை? எனக்கு இதில்தான் ஆத்திரம் வருகிறது.

இதோடு 95 சதவீதம் சரியாகவும் இருக்க வேண்டும். ஷிப்ட் முடியும் நேரத்துச் சார்ட்டுகளை ஆடிட் செய்யும்போது எனக்கே தெரிந்துவிடும்: துணை நோய்கள் விடுபட்டிருக்கும், இடது வலதாகியிருக்கும். நர்சிங், பிசியோதெரபி, விலங்கியல் படித்து வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகள்தான் இந்தக் கோடர்கள். சாப்பாட்டு நேரத்தைச் சுருக்கிக்கொள்கிறார்கள், லாக்-அவுட் நேரம் தாண்டியும் உட்கார்கிறார்கள். அந்தக் கூடுதல் நேரமும் எந்த ஷீட்டிலும் ஏறுவதில்லை.

டார்கெட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. கம்பெனி நடக்க எண்ணிக்கை வேண்டும். ஆனால் புது பிராஜெக்ட் எடுத்தால், அதே மருத்துவமனையின் சார்ட்டுகளைச் சில வாரம் நடுத்தர வேகக் கோடர்களிடம் கொடுத்து, குவெரி எழுதும் நேரம், சிஸ்டம் திணறும் நேரம் உட்பட அளந்து பாருங்கள். டீமிலேயே வேகமானவரை வைத்து அளந்தால் மற்ற எல்லோரும் தினமும் தோற்பார்கள். தங்கிய நாட்களைப் பொறுத்து சார்ட்டுகளைப் பிரித்து எண்ணுங்கள். ஐசிடி கோட்கள் அக்டோபரில் மாறும், சிகிச்சைக்கான சிபிடி கோட்கள் ஜனவரியில் மாறும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாரங்களிலாவது டார்கெட்டைத் தளர்த்தலாம். 2023 ஜனவரியில் மருத்துவமனையில் டாக்டர் நோயாளியைப் பார்ப்பதற்கான கோட் விதிகள் மொத்தமாக மாறின. நான் அறிந்த ஒரு டீமில் விதி மாறிய அந்த வாரமும் பழைய எண்ணிக்கையைத்தான் கேட்டார்கள்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஹோல்டில் போன சார்ட்டை, குவெரி அனுப்பிய அன்றே எண்ணிக்கையில் சேருங்கள். இதற்கு கிளையன்ட்டின் அனுமதி வேண்டாம், புது சாஃப்ட்வேரும் வேண்டாம். டீம் லீடின் எக்செல் ஷீட்டில் ஒரு நெடுவரிசை கூடுதலாகப் போட்டால் போதும்.