மாத்திப் பார்க்கலாம் சார்!

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதனால இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல. "அப்பாடா"ன்னு யாராவது மூச்சு விட்டிருந்தா மன்னிக்கவும், வந்துட்டேன் :-)

மேட்டர் எங்க வீட்டு கார். 2006 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல. நான் திட்டப் போறது வண்டியை இல்ல. அப்பா சர்வீஸ்ல இருக்கும்போது லோன் போட்டு வாங்கின ஒரே கார் இது. 2021ல பதினஞ்சு வருசம் முடிஞ்சு, எஃப்.சி. காட்டி ஆர்.சி.யை இன்னும் அஞ்சு வருசத்துக்கு நீட்டிச்சாரு. "எனக்கு எக்ஸ்டென்ஷன் குடுக்கல, இதுக்காவது குடுத்தாங்களே"ன்னு அன்னிக்கு அவருக்கு ஒரே சந்தோஷம்.

2025 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது வினை. பள்ளிக்கரணை சிக்னல்ல நிக்கும்போது வண்டி குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குச்சு. ஆர்.பி.எம். முள் 850ல நிக்க வேண்டியது, 600க்கு இறங்கும், 1000க்கு ஏறும், மறுபடி இறங்கும். ஆக்சிலரேட்டரை மிதிச்சுட்டா எல்லாம் சரியாயிடும். ஓடும்போது சிங்கம், நின்னா கிழம். ஒரு நாள் மேடவாக்கத்துல நடு ரோட்டுல ஆஃப் ஆகி, பின்னாடி நின்ன ஆட்டோக்காரர் எங்க பரம்பரையை விசாரிச்சாரு. பக்கத்துல அம்மா. அன்னியோட அம்மா அந்த வண்டியில ஏறுறதை நிறுத்திட்டாங்க.

இங்க ஒரு அவமானத்தைச் சொல்லியாகணும். நான் படிச்சது மெக்கானிக்கல். ஐ.சி. எஞ்சின் பேப்பர்ல 84 மார்க். ஆட்டோ சைக்கிள் வரைபடம் இப்பவும் கண்ணை மூடிட்டு வரைவேன். படிப்பு முடிஞ்சதும் கும்பலோட கும்பலா பொட்டி தட்ட வந்தாச்சு. பானட்டைத் திறந்தா பேட்டரி எங்க இருக்குன்னு தெரியும், அவ்ளோதான்.

முதல்ல போன கேரேஜ் நல்ல பளபளான்னு இருந்துச்சு. ஏ.சி. ரூம், காபி மெஷின் எல்லாம் உண்டு. சூப்பர்வைசர் ஒரு நிமிஷம் காது குடுத்துக் கேட்டாரு. "பிளக் மாத்தி, த்ராட்டில் பாடி கிளீன் பண்ணிப் பார்க்கலாம் சார்." 2,400 ரூபா. ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, அல்லது நல்லா இருக்குன்னு நான் நம்பினேன். மூணாவது நாள் பழைய குருடி கதவைத் திறடி. "ஐடில் வால்வு போயிருக்கும் சார், மாத்திப் பார்க்கலாம்." 5,200. மறுபடி அதே நடுக்கம். "அப்ப பெட்ரோல் பம்ப் வீக்கா இருக்கும் சார்." 6,900. கூட்டிப் பாருங்க, 14,500. நடுக்கம் மட்டும் அப்படியே இருந்துச்சு. கடைசியா அவர் சொன்ன தீர்ப்பு: "எல்லாம் இந்த இ20 பெட்ரோல் பண்ற வேலை சார். பழைய வண்டிக்கு ஒத்துக்காது. வண்டியைத் தள்ளி விட்டுடுங்க."

அப்பா ஒண்ணும் பேசல. அன்னிக்கு சாயங்காலம் பழைய கார் வாங்குற ஒருத்தர் வந்து 35,000னு விலை சொல்லிட்டுப் போனாரு. அப்பா ஆர்.சி. புக்கை எடுத்து டேபிள் மேல வெச்சாரு.

கவனிங்க, மூணு தடவையும் வந்த வார்த்தை "மாத்திப் பார்க்கலாம்". மாத்தி... பார்க்கலாம்! பார்த்துட்டு இல்ல மாத்தணும்? நம்ம ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையன் புரொடக்‌ஷன்ல பிரச்சனைன்னா லாக் பார்க்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவான் இல்லையா, அதே தான். ஆனா ரீஸ்டார்ட்டுக்கு 6,900 ரூபா பில் வராது.

நானும் யோக்கியன் இல்ல. ஆன்லைன்ல ஒரு ப்ளூடூத் டாங்கிள் வாங்கி, போன்ல ஆப் போட்டு, வண்டியோட கம்ப்யூட்டரையே கேட்டுடலாம்னு இறங்கினேன். அது கனெக்டே ஆகல. இந்தியால ஓ.பி.டி. கட்டாயமானது 2010 ஏப்ரல்ல இருந்துதான், ரெண்டாம் கட்டம் 2013ல. அதுக்கு முந்தின நிறைய வண்டிங்க அந்தந்த கம்பெனியோட சொந்த பாஷையில பேசும், இந்த டாங்கிளுக்குப் புரியாது. 800 ரூபா போச்சு. அதை 14,500ல சேர்க்கல, வீட்டுல தெரியாது :-)

இதுக்கு நடுவுல புகை சர்டிபிகேட் முடிஞ்சு போச்சு. செக் பண்ணப் போனா ஃபெயில். கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், எங்க வண்டியில 4.2. அங்க இருந்த பையன், "கார்புரேட்டர் டியூன் பண்ணிட்டு வாங்கண்ணா"ன்னான். எங்க வண்டியில கார்புரேட்டரே கிடையாதுடா தம்பி! சிரிச்சுட்டு அந்தச் சீட்டை மடிச்சு பாக்கெட்ல வெச்சுட்டேன். வியாதி என்னன்னு அந்தச் சீட்டுலயே எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியல.

குரோம்பேட்டைல எங்க தெருவுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பாய் ஷெட் வெச்சிருக்காரு. தகரக் கொட்டகை, ஒரு ஸ்டூல், ஒரு ரேடியோ. இத்தனை வருசமா அந்த வழியா போயிருக்கேன், "அம்பாசடர் பார்க்குற ஆளு போல"ன்னு நினைச்சுட்டே. விக்கிறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவைன்னு வண்டியைக் கொண்டு போய் நிறுத்தினேன்.

அவர் முதல்ல கேட்டது: "எப்போ நடுங்குது தம்பி? சூடானப்புறமா, காலையிலயா? ஏ.சி. போட்டாலா, போடாமலா? ஓடும்போது இழுக்குதா?" மூணு தடவை கேரேஜ் போனேனே, ஒருத்தரும் இதைக் கேக்கல. அப்புறம் சைலன்சர் வாயில கையை வெச்சுப் பார்த்தாரு. முகர்ந்து பார்த்தாரு. "பெட்ரோல் வாடை அடிக்குது பாரு." அடிச்சது. நான் அதைப் பழைய வண்டி வாடைன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

அடுத்து எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டரோட கனெக்‌ஷனையும் ஒண்ணொண்ணா பிடுங்கி மாட்டினாரு. பிடுங்கினதும் எஞ்சின் இன்னும் தள்ளாடினா அந்த சிலிண்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். எந்த மாத்தமும் இல்லைன்னா அது ஏற்கனவே செத்த சிலிண்டர். (பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்குறவங்களும் உண்டு. ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல் போய் கன்வர்ட்டரையும் கெடுக்கும். வேணாம்.) எங்க வண்டியில நாலுக்கும் ஒரே மாதிரி தள்ளாட்டம். அதாவது நாலுமே உயிரோட தான் இருக்கு.

பிளக்கைக் கழட்டினாரு. போட்டு ஒரு மாசம் தான் ஆச்சு, நாலும் கண் மை மாதிரி கருப்பு. "ஒண்ணு மட்டும் கருப்பா இருந்தா அந்த ஒண்ணுல பிரச்சனை. நாலும் ஒரே மாதிரி கெட்டிருந்தா, நாலுக்கும் பொதுவா இருக்குறது எதுவோ அதுல பிரச்சனை. என்ன படிச்சிருக்கே தம்பி?"

நான் வாயைத் திறக்கல.

கருப்பு பிளக், பெட்ரோல் வாடை, 4.2 சதவீத மோனாக்சைடு. மூணும் சொல்றது ஒண்ணுதான்: காத்துக்குத் தேவையானதை விட பெட்ரோல் அதிகமா போகுது. இப்போ திரும்பிப் பாருங்க. பம்ப் வீக்குன்னா பெட்ரோல் கம்மியாகணும், அதிகமாகாது. இ20யும் அப்படித்தான். எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கறதால கலவை பெட்ரோல் குறைஞ்ச பக்கம் தான் சாயும். மைலேஜ் குறையும், ரொம்பப் பழைய ரப்பரை அரிக்கலாம், அதெல்லாம் நியாயமான புகார். ஆனா பிளக்கை இப்படி மை பூசி விடாது. ரெண்டு தீர்ப்புமே சாட்சிக்கு நேர் எதிர். பழைய பிளக்கை டப்பால போட்டு என் கையில குடுத்தவங்களே அவங்கதான், அதுவும் கருப்பு. அதை யாரும் பார்க்கவே இல்ல, என்னையும் சேர்த்து.

பாய் டார்ச் அடிச்சு ரப்பர் ட்யூப்களை ஒவ்வொண்ணா இடுக்கியால நசுக்கிப் பார்த்தாரு. கேபினை ஒட்டின தடுப்பு மேல ஒரு சின்ன சென்சார். மேனிஃபோல்டுல எவ்ளோ அழுத்தம் இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதோட வேலை. அதுக்குப் போற சுண்டுவிரல் பருமன் ட்யூபை லேசா அசைச்சாரு. எஞ்சின் சத்தம் மாறுச்சு. மறுபடி அசைச்சாரு, மறுபடி மாறுச்சு. வளைவுக்கு அடியில, கண்ணுக்குத் தெரியாத இடத்துல முடி மாதிரி ஒரு வெடிப்பு.

இங்க தான் என்னோட 84 மார்க் தூக்கத்துல இருந்து எழுந்துச்சு. ஐடில்ல த்ராட்டில் மூடி இருக்கும். பிஸ்டன் உறிஞ்சும், காத்து வர வழி கிடையாது. ஸ்ட்ரா நுனியை விரலால அடைச்சுட்டு இளநி உறிஞ்சிப் பாருங்க, அந்த மாதிரி உள்ள வெற்றிடம். வெளிக் காத்து அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல்னா, உள்ள அதுல மூணுல ஒரு பங்கு தான் இருக்கும். ட்யூப் வெடிச்சா வெளிக் காத்து அதுக்குள்ள கசிஞ்சு, சென்சார் 50, 60னு தப்பா படிக்கும். கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? "ஓ, ஓனர் ஆக்சிலரேட்டரை மிதிச்சுட்டாரு"ன்னு பெட்ரோலை ஊத்தும். நிஜமாவே மிதிச்சா, உள்ளயும் அழுத்தம் வெளிக் காத்துக்குப் பக்கத்துல வந்துடும், அதனால பொய்யும் உண்மையும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடும். அதான் ஓடும்போது சிங்கம்! எச்சரிக்கை விளக்கு ஏன் எரியலைன்னா, 55ங்கிறது சென்சார் சொல்லக்கூடிய எண்ணு தான். வேலிடேஷன் பாஸ். டேட்டா பொய்.

பாய் வெடிச்ச நுனியை அரை இன்ச் வெட்டிட்டு மீதியைச் சொருகினாரு. முள் 850ல போய் நின்னுச்சு. ஸ்டியரிங் மேல வெச்ச சில்லறைக் காசு ஆடல. அதுக்கப்புறம் தான் புது ட்யூப் வாங்கிட்டு வரச் சொன்னாரு. கவனிங்க, முதல்ல நிரூபிச்சாரு, அப்புறம் மாத்தினாரு.

எல்லா நடுக்கமும் இந்த ட்யூப் தான்னு நாளைக்கே கத்தரிக்கோலோட கிளம்பிடாதீங்க. முள் ஆடாம பாடி மட்டும் நடுங்கினா எஞ்சின் மவுண்ட் ரப்பரைப் பார்க்கச் சொல்லுங்க. ஒரே ஒரு சிலிண்டர் செத்திருந்தா பிளக், வயர், இன்ஜெக்டர். அதெல்லாம் நல்லா இருந்தா கம்ப்ரஷன் டெஸ்ட். அளவு கம்மியா காட்டுற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பாங்க, ஏறினா பிஸ்டன் ரிங், ஏறலைன்னா பெரும்பாலும் வால்வு. இதெல்லாம் பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஆகுற சோதனைங்க. பார்ட்ஸ் வாங்கவே தேவையில்ல.

சரி, இந்தப் பதிவை எழுத வெச்ச விஷயம் இனிமே தான். "எவ்ளோ பாய்?"னு கேட்டேன். ட்யூப் 80 ரூபா, நானே வாங்கிட்டு வந்தது. "கூலி 500 குடு தம்பி"ன்னாரு. என் வாயில இருந்து வந்தது என்ன தெரியுமா? "ஒரு ட்யூபுக்கு 500ஆ பாய்?"

14,500 ரூபாயை முணுமுணுக்காம கார்டு தேய்ச்சுட்டு வந்தவன் நான். அவர் முகம் மாறல. "சரி, 300 குடு." குடுத்துட்டு வந்துட்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸ். ஒரு பக், மூணு நாள் தேடிப் பிடிச்சேன், கடைசியில மாத்தினது ஒரே வரி. கால்ல கிளையண்ட் கேட்டாரு: ஒரு வரி மாத்த மூணு நாளா? எனக்குச் சுருக்குன்னுச்சு. அவர் கேட்டதால இல்ல. அந்த வரியை சனிக்கிழமை நானே பேசியிருந்தேன்.

சாயங்காலமே ஷெட்டுக்குப் போய் பாக்கி 200 குடுத்தேன். வாங்கிட்டாரு, பெருந்தன்மை டயலாக் எல்லாம் இல்ல. நான் உற்சாகமாகி, "பாய், 'கோளாறு பார்த்துச் சொல்ல 500 ரூபா'ன்னு வெளியில போர்டு வைங்க"ன்னேன். சிரிச்சாரு.

"வெச்சா ஒருத்தனும் வரமாட்டான் தம்பி. பார்த்துச் சொன்னதுக்குக் காசு கேட்டா திருடன்ம்பான். அதே ஆளுகிட்ட ஒரு பார்ட்ஸை மாத்தி பில்லுல ஆயிரம் ஏத்திக் குடு, பழசைக் கையில வாங்கிட்டு திருப்தியா போவான்."

நான் அந்தப் பளபள கேரேஜைத் திட்டி எழுதத்தான் உக்காந்தேன். இப்போ முழுசா திட்ட முடியல. சும்மா யோசிக்கிறதுக்கு அங்க யாரும் சம்பளம் குடுக்கறதில்ல, பார்ட்ஸ் வித்தா தான் காசு. அப்படி ஆக்கி வெச்சது கஸ்டமரான நாம. எஸ்டிமேட்ல "சோதனை: 800"னு ஒரு வரி இருந்திருந்தா முதல் ஆளா அதைத் தான் அடிக்கச் சொல்லியிருப்பேன்.

புகை டெஸ்ட் மறுபடி எடுத்தோம், 0.3. அந்தச் சீட்டை அப்பா ஆர்.சி. புக்குக்குள்ள வெச்சு, புக்கை பீரோவுக்குள்ள வெச்சுட்டாரு. போன ஞாயித்துக்கிழமை அம்மா முன் சீட்ல உக்காந்தாங்க. சிக்னல் வர்றப்பெல்லாம் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கறாங்க, அது போக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

டிஸ்கி: பாய் ஷெட் அட்ரஸ் கேட்டு மெயில் போட வேணாம். கூட்டம் சேர்ந்தா அவருக்குப் பிடிக்காது. உங்க ஏரியாவுலயும் ரேடியோவோட ஒருத்தர் கண்டிப்பா இருப்பாரு. அவர்கிட்ட "ஒரு ட்யூபுக்கா?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க :-)