ஜீப்புக்கும் ஒட்டியாணமா?

போன இதழில் அரிசி மாவில் வண்டு வராமல் காப்பது பற்றிச் சொன்னவள், இந்த முறை ஜீப்புக்கு என்ன வாங்கி மாட்டலாம் என்று எழுத வந்திருக்கிறேன். "இவளுக்கு ஏன் இந்த வேலை?" என்று சிரிக்காதீர்கள். ஓட்டுவது அவர்களாக இருக்கலாம். சீட்டுக் கட்டிப் பணம் சேர்ப்பது நாம்தானே! அந்த வண்டியில் பிள்ளைகளோடு ஏறி உட்காருவதும் நாம்தானே!

எங்களுக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத் தோட்டம் இருக்கிறது. காய் எடுக்கிற காலத்தில் குடும்பத்தோடு மேலேதான் தங்கல். மழை பெய்தால் தோட்டத்துப் பாதை உளைச் சேறாகிவிடும். அதனால்தான் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினோம். அந்த வருஷம் எனக்குச் சீட்டில் 20,000 ரூபாய் விழுந்தது. "அம்மா, வண்டி மொட்டையாக இருக்கு" என்றான் பெரியவன். அவன் அப்பாவும் தலையாட்டினார். முன்பக்கத்துக்கு இரும்பு கார்டு 11,000, கூரையில் நீளமான எல்.இ.டி. பார் லைட் 2,200, சீட் கவர் 3,800, ஹாரனும் ஸ்டிக்கரும் 3,000. கணக்குச் சரியாகப் போயிற்று. ஒட்டியாணமும் நெற்றிச்சுட்டியும் போட்ட கல்யாணப் பெண் மாதிரி வண்டி வாசலில் நின்றது. எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்!

ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும். ஒன்பது வயதுச் சின்னவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் கொடுத்தும் அடங்கவில்லை. போடிக்குக் கிளம்பினோம். மலையெங்கும் மழையும் பனிமூட்டமும். பார் லைட்டைப் போட்டதும், எதிரே வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டது போல் ஒரே வெளிச்சம்; ரோடு தெரியவில்லை. நாலைந்து கொண்டை ஊசி வளைவு தாண்டியிருப்போம். ரப்பர் கருகுகிற வாடை அடித்தது. பார் லைட், ஹெட் லைட் இரண்டும் ஒன்றாக அணைந்தன.

என் வீட்டுக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். பெரியவன் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் தேடினான். சின்னவள் என் மேல் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கிக்கொண்டிருந்தாள். எத்தனை நேரம் நின்றோமோ தெரியாது. கூலி ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப் ஒன்று வந்தது. அந்த டிரைவர் அண்ணன் விஷயம் கேட்டதும், "என் பின்னாடியே வாங்க, சிவப்பு லைட்டைப் பார்த்துக்கிட்டே வாங்க" என்றார். அந்தச் சிவப்புப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் இறங்கினோம். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்த பிறகு பிள்ளை கண் அயர்ந்தாள். "ஏம்மா இவ்வளவு நேரம் கழிச்சுக் கொண்டு வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

மறுநாள் வயரிங் தம்பி பானெட்டைத் திறந்து காட்டினான். லைட்டை மாட்டிய கடைக்காரர் அதற்குத் தனி வயரோ ஃப்யூஸோ போடவில்லை. ஹெட் லைட் வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டார். "அக்கா, ஒரே பிளக்கில் கிரைண்டரும் அயர்ன் பாக்ஸும் போடுவீங்களா?" என்று கேட்டான். கணக்கு சுலபம். வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். ஹெட் லைட் இரண்டும் ஹை பீமில் 120 வாட், அதாவது 10 ஆம்பியர். பார் லைட்டும் 120 வாட். 10 ஆம்பியருக்கான வயரில் 20 ஓடினால் கருகத்தானே செய்யும்?

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். இனி எதை வாங்கினாலும் கேள்வி ஒன்றுதான்: "மழை ராத்திரியில், பிள்ளை மடியில் கிடக்கும்போது, இது எனக்கு என்ன செய்யும்?" அடுத்த வருஷச் சீட்டுப் பணத்தை அந்தக் கேள்வியை வைத்துத்தான் செலவு செய்தோம்.

1. வெளிச்சம்: ஹெட் லைட்டுக்குப் புது வயர், ரிலே, ஃப்யூஸ், கம்பெனி அளவிலேயே 60/55 வாட் பல்பு, எல்லாம் 2,200 ரூபாய். அதிக வாட் பல்பு போட்டால் வயரும் ஹோல்டரும் சூடேறும். எதிரே வருகிறவருக்கும் கண் கூசும். பனிமூட்டத்துக்குப் பம்பருக்குக் கீழே இரண்டு ஃபாக் லைட், 1,800. பனியில் உயரத்து வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்வாக, அகலமாக விழுகிற வெளிச்சம்தான் ரோட்டைக் காட்டும். ஹெட் லைட்டையும் லோ பீமிலேயே வையுங்கள்.

2. டயர்: பின்சக்கரம் இரண்டும் தேய்ந்திருந்தன. முன்னால் ஆறு மாதத்துக்கு முன்பு மாற்றியிருந்தோம். அதே அளவில், அதே வகையில் பின்னாலும் இரண்டு, 9,600. நாலு சக்கர இழுவை வண்டிக்கு நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கியர் பெட்டிக்குக் கேடு. அழகுக்காகப் பெரிய டயர் போட்டால் ஸ்டியரிங் திருப்பும்போது உரசும், பிரேக் பிடிக்கச் சிரமம், ஸ்பீடா மீட்டரும் குறைத்துக் காட்டும். பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பது போல் டயரிலும் பாருங்கள். 1823 என்று நாலு எண் இருந்தால், 2023-ஆம் வருஷம் 18-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம்.

3. காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் அளவு பார்க்கிற கேஜும்: 2,300. வண்டி பிளக்கிலேயே ஓடும். சேற்றில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் அகலமாகப் பதிந்து பிடி கிடைக்கும். தார் ரோடு ஏறியதும் மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும்.

4. இழுவை பெல்ட்டும் இரண்டு இரும்புக் கொக்கிகளும்: 2,000. வண்டி எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். சேஸிஸில் உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும், பம்பரில் கூடாது. இழுக்கும்போது பெல்ட்டின் மேல் ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு தூர விலகி நில்லுங்கள். அறுந்தால் சாட்டை மாதிரி வீசும்.

5. முட்டுக்கட்டை: மற்ற காரியங்களுக்கு முட்டுக்கட்டை ஆகாது, மலையில் வண்டிக்கு அவசியம்! ஆசாரியிடம் சொல்லி ஆப்பு மாதிரி இரண்டு செய்தோம், 200 ரூபாய். இருட்டில் கல் தேட வேண்டாம்.

6. ஒரு கிலோ தீயணைப்பான்: 900. ஐ.எஸ்.ஐ. முத்திரையும், முள் பச்சையில் நிற்பதும் பார்த்து வாங்குங்கள். சீட்டுக்கு அடியில் கை எட்டுகிற இடத்தில் இறுக்கி மாட்டுங்கள்.

7. டார்ச், சிவப்பு முக்கோணம், முதலுதவிப் பெட்டி: 1,000. பெட்டியில் சின்னவளுக்கு இன்னொரு இன்ஹேலரும் உண்டு.

கூட்டிப் பாருங்கள், அதே 20,000 ரூபாய்தான்!

முன்பக்க கார்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கழற்றிவிட்டோம். இந்த மாதிரி கார்டு சட்டத்துக்குப் புறம்பு, நடவடிக்கை எடுங்கள் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. நடந்து போகிறவர் மேல் பட்டால் காயம் பலமாகும். ஏர் பேக் உள்ள வண்டியில் அது விரிகிற நேரத்தையே தப்பவைத்துவிடலாம். காயலான் கடையில் நிறுத்துப் பார்த்தால் 28 கிலோ. 840 ரூபாய் கொடுத்தார். 11,000 ரூபாய் ஒட்டியாணத்துக்கு அதுதான் மதிப்பு!

இன்னும் சில சின்ன விஷயங்கள். சீட்டிலேயே ஏர் பேக் இருந்தால் சாதாரண சீட் கவர் போட்டு மூடாதீர்கள். டிரைவர் காலடியில் மேட்டின் மேல் மேட் போடாதீர்கள். நகர்ந்து ஆக்சிலேட்டரில் சிக்கிக்கொள்ளும். 2009-இல் இந்தக் காரணத்துக்காகவே டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. மேல் கேரியரில் மூட்டை ஏற்றினால் உயரமான வண்டி வளைவில் சாயும். கனத்தையெல்லாம் தரையோடு வையுங்கள்.

கைக்குழந்தை வைத்திருக்கிற தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் மடிதான் பத்திரம் என்று நினைக்கிறோம். திடீர் பிரேக்கில் எந்தத் தாயாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். ஜீப்பின் பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் அந்த இருக்கை நிற்காது. முன்னோக்கிய சீட்டும் நல்ல பெல்ட்டும் வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் அதைத்தான் வாங்குங்கள்.

போன ஐப்பசியில் சின்னவளுக்கு மறுபடியும் இளைப்பு வந்தது. அதே மழை, அதே பனி. விளக்கு ஒழுங்காக எரிந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரியவன்தான் ஓட்டினான். திரும்பி வரும்போது, "வண்டி மொட்டையாவே இருக்கட்டும்மா" என்றான்.

அடுத்த இதழில் மழைக்காலத்தில் துணி காய வைப்பது பற்றி. வரட்டுமா?