சோற்றைக் குறைக்கும் முன்

சர்க்கரை நோயாளி மாவுச்சத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற வாதத்தை இந்த வாரமும் படித்தேன். அரிசியைத் தொடவே கூடாது என்கிறது ஒரு தரப்பு. அளவாகச் சாப்பிட்டால் போதும் என்கிறது மறுதரப்பு. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க மாவுச்சத்தைக் குறைப்பதற்கே சான்றுகள் அதிகம் என்று அமெரிக்க நீரிழிவு சங்கம் 2019-இல் சொன்னது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விகிதம் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்விலோ, உணவுத் திட்டத்தைப் பின்பற்றிய பிரிவில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் மாத்திரை இல்லாமலே நோயின் பிடியிலிருந்து விடுபட்டார்கள். தொடக்க மாதங்களில் அவர்கள் குடித்த, நாளுக்குச் சுமார் 850 கலோரி தரும் சத்துபானத்தில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். கைகொடுத்தது எடை குறைந்ததுதான். ஆகவே எந்தப் பாதையில் போவது என்பதை நோயாளியும் மருத்துவரும் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். என் கவலை வேறு. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், யாரோ சொன்னதைக் கேட்டுச் சோற்றை ஒரேயடியாக நிறுத்திவிட்டு மருந்தை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தால், சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழவும் கூடும். சாப்பாட்டு அளவை மாற்றும் முன்பே மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். இதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அப்படியிருக்க, சோற்றைக் குறைக்கச் சொல்கிற ஒவ்வொருவரும் முதல் வாக்கியமாக இதைத்தான் சொல்ல வேண்டும். மாவுச்சத்துக் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.