டிக்கெட் இல்லாதவர்கள் வராதீர்கள்! - ரசிகர்களுக்குக் கடிதம் எழுதிய ராக் இசைக்குழு

கூட்டம் வரவில்லையே என்று கவலைப்படும் இசைக்குழுக்களைப் பார்த்திருப்போம். வந்து குவிந்த கூட்டத்திடம், 'டிக்கெட் இல்லாதவர்கள் தயவுசெய்து வராதீர்கள், இல்லையென்றால் எங்களால் இனி வாசிக்கவே முடியாது' என்கிற பொருளில் கடிதம் எழுதிய இசைக்குழுவும் உண்டு. அமெரிக்காவின் 'கிரேட்ஃபுல் டெட்'தான் அது. கடிதம் வந்தது 1995 ஜூலை மாதம்.

அதைப் படித்தவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள் இல்லை. மூன்று வாரமாக காரில் ஐஸ் பெட்டியையும் ஸ்லீப்பிங் பேக்கையும் ஒரு ஷூ டப்பா நிறைய கேசட்டுகளையும் போட்டுக்கொண்டு, இசைக்குழு போகிற ஊருக்கெல்லாம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தவர்கள். 'டெட்ஹெட்ஸ்' என்று அவர்களுக்குப் பெயர். ஒரு கச்சேரி பார்த்துவிட்டு வீடு திரும்புவது அவர்கள் அகராதியிலேயே கிடையாது. ஒரு டூரில் பத்துக் கச்சேரி என்றால் பத்துக்கும் போக வேண்டும்.

ஒரே குழு, ஒரே பாட்டுகள். எதற்குப் பத்து முறை?

நேற்று கேட்டது இன்று வராது!

1965-ல் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் தொடங்கிய குழு இது. கிதார் ஜெர்ரி கார்சியா, இன்னொரு கிதார் பாப் வியர், பேஸ் கிதார் ஃபில் லெஷ், டிரம்ஸுக்கு பில் க்ரூட்ஸ்மன், மிக்கி ஹார்ட் என இரண்டு பேர். முப்பது வருடத்தில் சுமார் 2,300 கச்சேரிகள். அதில் ஒன்றுகூட இன்னொன்றின் நகல் கிடையாது என்பதுதான் விசேஷம்.

என்னென்ன பாட்டு, எந்த வரிசையில் என்று முன்கூட்டியே அச்சடித்த பட்டியல் எதுவும் இருக்காது. நேற்று ஆறு நிமிடத்தில் முடிந்த பாட்டு, இன்று இருபது நிமிடம் போகலாம். நடுவில் கார்சியாவின் கிதார் எங்கோ கிளம்பிப் போய், வேறொரு பாட்டுக்குள் நுழைந்து, அரை மணி நேரம் கழித்து விட்ட இடத்துக்கே திரும்பி வரலாம். வராமலும் போகலாம். சில ராத்திரிகளில் சொதப்பலாகவும் இருக்கும். அதையும் ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். மார்கழியில் ஒரே வித்வானின் தோடியைக் கேட்க சபா சபாவாக ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்தப் பைத்தியம் சட்டென்று புரிந்துவிடும்.

சென்னைக்கும் இந்தக் குழுவுக்கும் ஒரு நிஜமான கொடுக்கல் வாங்கலும் உண்டு. டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991-ல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிர் உசேனின் தபலாவோடு, நம்ம ஊர் விக்கு விநாயக்ராமின் கடமும் பேசியது. சிறந்த உலக இசை ஆல்பத்துக்கான முதல் கிராமி விருது அதற்குத்தான் கிடைத்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

திருடாதே, எடுத்துக்கொள்!

மற்ற குழுக்கள் கச்சேரியில் டேப் ரெக்கார்டரைப் பார்த்தால் பிடுங்கிய காலத்தில், கிரேட்ஃபுல் டெட் நேரெதிராகச் செய்தது. ரெக்கார்டு செய்கிறவர்களுக்கென்றே 1984-ல் தனி டிக்கெட், தனி இடம் ஒதுக்கியது. சவுண்ட் மிக்ஸர் இருக்கும் இடத்துக்குப் பின்னால் உயரமான கம்பிகளில் மைக்குகள் நாணல் காடு மாதிரி நிற்கும். ஒரே ஒரு நிபந்தனை. பதிவு செய்த கேசட்டை விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம். காலி கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால், முன்பின் தெரியாத ஒருவர் பிரதி எடுத்து அனுப்பிவைப்பார். அப்படிக் கைமாறிப் பரவியதில் 1977 மே 8-ம் தேதி கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரிக்குத் தனிப் புகழ். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பாதுகாக்கப்படும் ஒலிப்பதிவுகள் பட்டியலிலேயே அது இடம்பிடித்துவிட்டது.

டிக்கெட் விஷயத்திலும் ரசிகனோடு நேரடித் தொடர்புதான். 1971-ல் வந்த ஓர் ஆல்பத்தின் உள் அட்டையில், 'உங்கள் முகவரியை எழுதி அனுப்புங்கள், தொடர்பில் இருப்போம்' என்கிற மாதிரி ஓர் அறிவிப்பு போட்டார்கள். கடிதங்கள் குவிந்தன. 1983 முதல் தபால் மூலம் தாங்களே டிக்கெட் விற்க ஆரம்பித்தார்கள். அடுத்த டூர் எந்த ஊர் என்பதைத் தொலைபேசியில் பதிவு செய்யப்பட்ட குரல் சொல்லும். சொன்ன அளவில் அட்டை, மணி ஆர்டர், குறிப்பிட்ட தேதியின் தபால் முத்திரை, எல்லாம் சரியாக இருக்க வேண்டும். நம் கவர் தனியாகத் தெரியட்டும் என்று ரசிகர்கள் அதில் ரோஜாவும் எலும்புக்கூடுமாக வரைந்து தள்ளினார்கள். இரண்டுமே குழுவின் சின்னங்கள்.

பார்க்கிங்கில் ஒரு திருவிழா

கச்சேரி ராத்திரிதான். ஆனால் கார்கள் மதியமே வந்து சேர்ந்துவிடும். அரங்கத்தின் பார்க்கிங் இடத்தில் ஒரு திடீர்க் கடைத்தெரு முளைக்கும். குழுவின் பாட்டு ஒன்றின் பெயரால் அதற்கு 'ஷேக்டவுன் ஸ்ட்ரீட்' என்று பெயர். சுங்குடி மாதிரி முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய டிஷர்ட், பாசிமாலை, ஸ்டவ்வில் சுட்ட சீஸ் சாண்ட்விச், காய்கறி பரிட்டோ என்று கார் டிக்கியே கடை. அந்த விற்பனைக் காசுதான் அடுத்த ஊருக்கான பெட்ரோல். டிக்கெட் இல்லாதவர்கள் ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு நடப்பார்கள். 'ஓர் அதிசயம் நடக்காதா' என்று அர்த்தம். கூடுதல் டிக்கெட் வைத்திருக்கும் யாராவது இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு.

போதைப்பொருளும் அங்கே தாராளமாகப் புழங்கியது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையை அழகாக மட்டும் சொல்லிவிட முடியாது. எல்.எஸ்.டி வழக்குகளில் சிக்கி, நீண்ட சிறைத் தண்டனை பெற்ற இளைஞர்களும் இந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அதே கூட்டத்துக்குள் இன்னொரு கூட்டமும் உண்டு. 'வார்ஃப் ராட்ஸ்' என்பவர்கள், குடியையும் போதையையும் விட்டவர்கள். ஒவ்வொரு கச்சேரியிலும் மஞ்சள் பலூன்களைக் கட்டி மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இடைவேளையில் தடுமாறுகிறவர்கள் அங்கே போய்ப் பேசலாம். காது கேளாத ரசிகர்களுக்குத் தனி இடமும் சைகை மொழிபெயர்ப்பாளரும் இருந்தார்கள். கையில் பலூனைப் பிடித்துக்கொண்டு, அதில் வந்து மோதும் அதிர்வில் அவர்கள் பாட்டை வாங்கிக்கொள்வார்கள்.

இதெல்லாம் எப்போது கெட்டது? ஒரு பாட்டு ஹிட் ஆனபோது!

1987-ல் 'டச் ஆஃப் க்ரே' பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 9-ம் இடம் வரை போனது. இருபத்திரண்டு வருடத்தில் குழுவுக்குக் கிடைத்த ஒரே டாப் டென் ஹிட் அது. அதுவரை சேர்ந்த ரசிகர்களுக்குப் பழையவர்கள் பழக்கம் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது டி.வி-யில் பார்த்துவிட்டு, 'அங்கே ஜாலியாக இருக்குமாமே' என்று வந்தவர்கள் மொத்தமாக வந்தார்கள். பாட்டே கேட்காமல் பார்க்கிங்குக்காக மட்டும் வந்த கூட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. பக்கத்து வீடுகளின் புல்வெளியில் குப்பை, சத்தம், போலீஸ். வெளியே கடை போடக் கூடாது, இரவு தங்கக் கூடாது என்று குழுவே சொல்ல வேண்டியதாயிற்று. யார் கேட்டார்கள்?

ஹைகேட் முதல் சிகாகோ வரை

1995 கோடை டூர் ஜூன் 15-ம் தேதி, கனடா எல்லையை ஒட்டிய ஹைகேட் என்கிற சின்ன ஊரில் தொடங்கியது. முன்னால் பாடியவர் பாப் டிலன். டிக்கெட் இல்லாதவர்கள் வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அங்கிருந்து நியூ ஜெர்ஸி, ஆல்பனி, வாஷிங்டன். வாஷிங்டன் பார்க்கிங்கில் இடி விழுந்து மூன்று ரசிகர்கள் காயம்.

மேடையிலும் நிலைமை சரியில்லை. கார்சியாவுக்கு வயது 52. பார்க்க எழுபது மாதிரி இருந்தார். சர்க்கரை நோய், ஹெராயின் பழக்கம், பருமன். 1986-ல் ஒருமுறை கோமாவுக்குப் போய்ப் பிழைத்து, கிதாரையே மறுபடி பழகி வந்தவர். இந்த டூரில் முன்னால் திரையில் ஓடும் வரிகளைப் பார்த்தும் பாட்டு மறந்தது. ஓய்வு எடுத்திருக்கலாமே என்று இன்று சுலபமாகக் கேட்டுவிடலாம். குழுவை நம்பி ஏராளமான ஊழியர் குடும்பங்கள் இருந்தன. டூர் நின்றால் சம்பளம் நிற்கும். உள்ளே அவர்களும் வெளியே சாண்ட்விச் விற்றவர்களும் ஒரே வண்டியைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஆனாலும் நல்ல ராத்திரிகள் வந்தன. ஜூன் 30, பிட்ஸ்பர்க். திறந்தவெளி ஸ்டேடியத்தில் மழை கொட்டியது. இடைவேளைக்குப் பிறகு மேடைக்கு வந்தவர்கள் பீட்டில்ஸின் 'ரெயின்' பாட்டை எடுத்தார்கள். அது முடிந்ததும் இன்னொரு மழைப் பாட்டு, அப்புறம் இன்னொன்று, அப்புறமும் ஒன்று! நனைந்துகொண்டிருந்த கூட்டம் ஆர்ப்பரித்தது. இந்த மாதிரி ஒரு ராத்திரிக்காகத்தான் ஆயிரம் கிலோமீட்டர் கார் ஓட்டுவது.

அடுத்தது இண்டியானாபொலிஸ் பக்கத்தில் டியர் க்ரீக். பிட்ஸ்பர்க்கிலிருந்து சுமார் 580 கிலோமீட்டர். பச்சைப் புல்வெளிச் சரிவில் உட்கார்ந்து கேட்கும் அரங்கம், ரசிகர்களின் செல்ல இடம். ஜூலை 2 அன்று குழு அங்கே போனபோது, கார்சியாவைக் கொல்லப்போவதாக மிரட்டல் வந்திருந்தது. வாசலில் மெட்டல் டிடெக்டர்; கச்சேரி முழுக்க அரங்கத்தின் விளக்குகளை அணைக்கவில்லை. கார்சியா பாடிய பாட்டுகளில் ஒன்று 'டயர் வுல்ஃப்'. 'என்னைக் கொன்றுவிடாதே' என்று ஒருவன் கெஞ்சுகிற பாட்டு அது. மனிதருக்கு அந்த நேரத்திலும் குறும்பு.

கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே புல்வெளியின் பின்பக்க வேலி சரிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஏறிக் குதித்து உள்ளே புகுந்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. கற்களும் பாட்டில்களும் பறந்தன. மேடையில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்தது. அதைவிட வலித்தது வேறு. டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பலர், வேலி தாண்டுகிறவர்களைக் கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள்.

மறுநாள் கச்சேரி ரத்து. முறையாக டிக்கெட் எடுத்து, லீவு போட்டு, பல மாநிலங்கள் தாண்டி வந்தவர்களும் வாசலோடு திரும்பினார்கள்.

அந்தக் கடிதம்

அடுத்த ஊரான செயின்ட் லூயிஸில் கடிதம் விநியோகிக்கப்பட்டது. குழுவினர் அனைவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். கோபமும் உரிமையும் கலந்த கடிதம். இத்தனை வருடங்களாக முடிந்தவரை விதிகள் இல்லாமல்தான் நடத்தினோம். அது நடப்பது உங்கள் கையில் இருக்கிறது. டிக்கெட் இல்லையென்றால் வராதீர்கள், வெளியே எதையும் விற்காதீர்கள், வாங்காதீர்கள். வேலி உடைக்கிறவனைப் புரட்சிக்காரன் மாதிரி நீங்கள் கொண்டாடினால் டூர் என்கிற வாழ்க்கை முடிந்துபோகும். சாரம் இவ்வளவுதான். 'போலீஸ் பார்த்துக்கொள்ளும்' என்று எழுதவில்லை. உங்களுக்குள் நீங்களே பேசிச் சரிசெய்யுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

அதற்குள் இன்னொரு விபத்து. ஜூலை 5 இரவு, ஊருக்கு வெளியே ரசிகர்கள் தங்கியிருந்த முகாமில் மழைக்கு ஒதுங்கியவர்களின் பாரம் தாங்காமல் ஒரு கட்டடத்தின் தாழ்வாரம் இடிந்து விழுந்தது. நூறு பேருக்கு மேல் காயம்.

ஜூலை 8, 9 சிகாகோ சோல்ஜர் ஃபீல்ட். கடைசி இரவில் கார்சியா 'பிளாக் மடி ரிவர்' பாடினார். அத்துடன் முடித்திருக்கலாம். ஃபில் லெஷ் இன்னொன்று எடுத்தார்: 'பாக்ஸ் ஆஃப் ரெயின்'. சாகக்கிடந்த தன் அப்பாவுக்குப் பாடுவதற்காக 1970-ல் அவர் மெட்டமைத்த பாட்டு. அப்புறம் வாணவேடிக்கை. ஓட்டை வேன்களில் ரசிகர்கள் வீடு திரும்பினார்கள், அடுத்த டூர் அறிவிப்புக்குக் காத்திருக்கலாம் என்று.

சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 9 அதிகாலை, கலிஃபோர்னியாவில் ஒரு போதை மீட்பு மையத்தில் தூக்கத்திலேயே கார்சியா இறந்துபோனார். 53 வயது முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. கடிதத்துக்கு ரசிகர்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்று பார்க்க அடுத்த டூரே வரவில்லை. டிசம்பரில் குழு கலைந்தது.

இருபது வருடம் கழித்து, 2015 ஜூலையில், மிச்சம் இருந்தவர்கள் அதே சோல்ஜர் ஃபீல்டில் மூன்று நாள் வாசித்தார்கள். ஆன்லைன் டிக்கெட் காலத்திலும் தபால் வழி ஒரு பங்கு ஒதுக்கினார்கள். நரைத்த தாடிக்காரர்கள் மறுபடி பிரஷ் எடுத்து ரோஜாவும் எலும்புக்கூடும் வரைந்து கவர் அனுப்பினார்கள். கிடைத்தவர்களைவிடக் கிடைக்காதவர்கள்தான் அதிகம்.

கார் ஓட்டாமல் கேட்க நினைப்பவர்களுக்கு, 'இன்டர்நெட் ஆர்கைவ்' தளத்தில் இந்தக் குழுவின் ஆயிரக்கணக்கான கச்சேரிப் பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தேதி போட்டுத் தேடினால் போதும். சவுண்ட் மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவு துல்லியமாக இருக்கும். ஆனால் ரசிகர்கள் கூட்டத்துக்கு நடுவே நின்று மைக் வைத்துப் பதிவு செய்ததைத் தேர்ந்தெடுத்து, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். பாட்டுக்கு நடுவே யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுகூடக் கேட்கும்.